டோல்கேட்டுக்கு வந்த கொல்லை நாய்

செய்யாறு பக்கத்தில் நான்கு வருஷம் நிலக்கடலைக் கொல்லையைக் காத்த நாய் ஒன்று, இப்போது வடசென்னை டோல்கேட்டில் ஒரு முதல் மாடி வீட்டில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். நாயின் பெயர் மணி. செவலை நிறம், காது நுனி மட்டும் கறுப்பு. சிப்பிப்பாறையும் இல்லை, கோம்பையும் இல்லை. எல்லா ஊரிலும் இருக்கிற நாட்டு நாய்தான். வளர்த்த பெரியவர் போன வருஷம் தவறிவிட்டார். நிலம் குத்தகைக்குப் போனது. குத்தகைக்காரரிடம் ஏற்கெனவே இரண்டு நாய்கள். மணி வீட்டில் தங்காமல் கொல்லைக்கே ஓடியது. அங்கே அந்த இரண்டோடும் சண்டை போட்டு ரத்தக் காயத்தோடு திரும்பியது. வயதான அம்மாவால் சமாளிக்க முடியவில்லை. மகன் அதைத் தன்னோடு சென்னைக்குக் கூட்டிவந்துவிட்டார். "அப்பா வளர்த்தது. தெருவுல விட மனசு வரலை" என்றார்.

மகனுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. மனைவிக்கு வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடையில் வேலை. ஒரே மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். காலை ஒன்பதரைக்கு வீடு பூட்டப்பட்டால், மாலை நாலரைக்கு மகள் வந்துதான் திறப்பாள். ஏழு மணி நேரம் மணிக்குத் தனிமை.

கொல்லையில் அதன் நாள் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த ஏழு மணி நேரத்தின் கனம் புரியும். விடிவதற்கு முன்பே பெரியவரோடு வரப்பைச் சுற்றும். விதைத்த பத்து நாளைக்குக் காக்காயையும் மயிலையும் விரட்டும். காய் பிடிக்கும் காலத்தில் இரவெல்லாம் பன்றி வாடைக்குக் காது கொடுக்கும். நடுவில் எலி வளைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, இரண்டு வளையைத் தோண்டி, மதியம் மோட்டார் கொட்டகையின் ஈர மண்ணில் படுக்கும். யாரும் அதற்கு விளையாட்டுக் காட்டவில்லை. ஆனாலும் அது ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை. மூக்குக்கும் காதுக்கும் காலுக்கும் ஓயாத வேலை இருந்தது.

டோல்கேட்டில் அதன் காதுக்கு மட்டும்தான் வேலை, அதுவும் அளவுக்கு மீறி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் தலைக்கு மேலே மெட்ரோ ரயில் போகிறது. 2021 பிப்ரவரி 14 அன்று விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட பாதை அது. கடற்கரைப் பக்கம் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும். அவற்றின் ஏர் ஹாரன் சத்தத்துக்குப் பழகாத மனிதனே திடுக்கிடுவான்.

முதல் வாரம் மணி படுத்தே கிடந்தது. "சாது நாய்" என்று சந்தோஷப்பட்டார்கள். இரண்டாவது வாரம் கதவு நிலையை உள்பக்கமாகப் பிறாண்டித் தள்ளியது. மகளின் ஒரு ஜோடி பள்ளிக்கூட ஷூ போனது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து ஊளை கேட்டது. எதிர் போர்ஷன்காரர் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்கிறவர். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போறவன் நானு. பகல்தான் தம்பி எனக்கு ராத்திரி. ஒரு மணி நேரம் தூங்க வுடமாட்டேங்குது உன் நாய்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வீட்டுக்காரம்மா கெடு வைத்துவிட்டார்: "வர்ற மாசம் முடியறதுக்குள்ள ஒண்ணு நாயை அனுப்பிடுங்க, இல்லேன்னா வேற வீடு பாத்துக்குங்க."

நாயை அனுப்புவது என்றால் எங்கே அனுப்புவது? நான்கு வயது நாட்டு நாயைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. எங்கேயாவது கொண்டுபோய் இறக்கிவிட்டால், அந்தத் தெரு நாய்கள் புது நாயை உயிரோடு விடுவது அபூர்வம்.

கெடு வைத்த பிறகு எல்லோரும் வழக்கமாகச் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். மொட்டை மாடியில் கட்டிப் பார்த்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஓரத்தில் கிடைத்த ஒரு முழ நிழல் பதினோரு மணிக்கெல்லாம் நகர்ந்துவிட்டது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வேர்ப்பதைத் தவிர, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற முடியும். சென்னை வெயிலில் சிமென்ட் தளத்தில் கட்டிப்போடுவது ஆளைக் கொல்லும் காரியம். வாய்க்கூடு போட்டு விட்டுப் போகச் சொன்னார் ஒருவர். வாயை இறுக்கிக் கட்டும் துணிக்கூடு மூச்சிரைப்பையும் அடைத்துவிடும், தண்ணீரும் குடிக்க முடியாது. பூட்டிய வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை. இன்னொருவர் தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கச் சொன்னார். கால்நடை மருத்துவர் சொல்லாமல் மனிதர் மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது விஷம் வைப்பதற்குச் சமம். நல்லவேளையாக அதை அவர்கள் செய்யவில்லை.

செருப்பால் ஒன்றிரண்டு போடுவது மட்டும் நடந்தது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் கிழிந்த தலையணையைக் காட்டி அதட்டினால், மணி காதை மடக்கி, வாலைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு மூலையில் ஒண்டும். "பாருங்க, செஞ்ச தப்பு அதுக்கே தெரியுது" என்பார் மனைவி. நம் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள். அமெரிக்காவில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-ல் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். தின்னக்கூடாது என்று சொல்லிவிட்டு நாயின் சொந்தக்காரர் வெளியே போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது என்று சிலரிடம் உண்மையும் சிலரிடம் பொய்யும் சொல்லப்படும். தின்ற நாயா, தின்னாத நாயா என்பதற்கும் அந்தக் குற்றவாளி முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அதட்டினால் எல்லாம் அந்த முகத்தைக் காட்டின. அது மனிதன் கோபமாக இருப்பதைப் பார்த்து வரும் பயம். காலை பத்து மணிக்குக் கிழித்த தலையணைக்கு மாலை நாலரைக்கு விழும் அடி, கதவு திறப்பதையே பயமாக்கிவிடும். மறுநாள் தனிமை இன்னும் கசக்கும்.

விஷயம் பிடிபட்டது மகளால்தான். பழைய செல்போன் ஒன்றை ஃபிரிட்ஜ் மேல் வைத்து வீடியோ ஓடவிட்டுப் போனாள். இரவு மூவரும் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். மனைவி வாசற்படி இறங்கிய உடனேயே ஊளை தொடங்கியது. கதவைப் பிறாண்டியதும் அந்த முதல் அரை மணி நேரத்தில்தான். பிறகு ஜன்னலுக்கு வந்து தண்ணீர் கேன்காரர், சிலிண்டர் வண்டி, ஹாரன் என்று ஒவ்வொன்றுக்கும் குரைத்தது. பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை நல்ல தூக்கம். இரண்டுக்கு மேல் எழுந்து சோம்பல் முறித்து, வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, ஒன்றும் கிடைக்காமல் ஷூவை எடுத்து நிதானமாக மென்றது.

ஒரு நாளுக்குள் மூன்று வேறு வேறு பிரச்னைகள். கடலைச் செடி மஞ்சளாகத் தெரிந்ததும் யூரியாவை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. மஞ்சள் தழைச்சத்துக் குறைவாலும் வரும், சுண்ணாம்பு நிலத்தில் இரும்புச்சத்து ஏறாததாலும் வரும், வேரழுகலாலும் வரும். எது என்று தெரியாமல் போடும் யூரியா வீண். "நாய் குரைக்கிறது, ஒரு பொம்மை வாங்கிப் போடு" என்பதும் அந்த ரகம்தான். பீப்பீ சத்தம் போடும் பொம்மையை அவர்களும் வாங்கிப் போட்டிருந்தார்கள். பத்து நிமிஷத்தில் மணி அதைப் பிளந்துவிட்டது.

மூன்றில் சுலபமானது ஜன்னல். கீழ்ப் பாதிக் கண்ணாடியில் செய்தித்தாள் ஒட்டினார்கள். தெரு தெரியவில்லை என்றால் காவல் வேலை பாதி குறைந்துவிடும். மின்விசிறியை ஓடவிட்டால் அந்த இரைச்சல் வெளிச் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கும்.

பிரிவுக்கான பயிற்சியை விடுமுறை நாட்களில் மகள் கொடுத்தாள். வீட்டில் இருப்பவர்கள் கிளம்புவதை நாய் நாம் நினைப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடும். சாவிச் சத்தம், கைப்பை, செருப்பு மாட்டுவது எல்லாம் அதற்கு அடையாளம். சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு எங்கும் போகாமல் உட்கார்ந்து படித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய் வந்தாள். சாவிக்கும் பிரிவுக்கும் உள்ள முடிச்சு இப்படித்தான் தளரும். பிறகு கதவுக்கு வெளியே பத்து விநாடி, ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று கூட்டிக்கொண்டே போனாள். ஊளை தொடங்குவதற்கு முன்பே உள்ளே வந்துவிட வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். ஊளையிட்ட பிறகு கதவைத் திறந்தால், ஊளைக்குத்தான் கதவு திறக்கிறது என்று அது கற்றுக்கொள்ளும். போகும்போது கட்டிப்பிடித்து விடைபெறுவதும், வந்ததும் கொஞ்சுவதும் நிறுத்தப்பட்டன. மனைவிக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் பிடித்தது. நடுவில் இரண்டு நாள் பழையபடி ஊளையிட்டது. மகள் மறுபடி ஒரு நிமிஷத்திலிருந்து தொடங்கினாள். கெடு முடியும் நேரத்தில் மனைவி வீட்டுக்காரம்மாவிடம் செல்போன் வீடியோவையே காட்டி இன்னும் ஒரு மாதம் வாங்கினார்.

எல்லாவற்றிலும் வளமான பகுதி மதியச் சோம்பல்தான். கொல்லையில் செய்த வேலையை வீட்டுக்குள் எப்படிக் கொடுப்பது?

முதலில் காலை நடை. ஐந்து மணிக்கு மகன் மணியைக் கயிற்றில் பிடித்துக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போகிறார். அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய கரை அது, மணல் குறைவு. தூரம் முக்கியமில்லை. முன்பு வேகமாக இழுத்துக்கொண்டு போய் இழுத்துக்கொண்டு வருவார். இப்போது ஒவ்வொரு கம்பத்தையும் கல்லையும் முகர்ந்து முடிக்கும்வரை நிற்கிறார். நமக்குச் செய்தித்தாள் எப்படியோ நாய்க்கு வாடை அப்படி. ஆற அமர முகர்ந்துவிட்டு வந்த நாய் அசந்து படுக்கும். அந்தக் கரையில் ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அறுந்த நைலான் வலை நூலும் தூண்டில் முள்ளும் மீன் வாடையோடு கிடக்கும். நூலை விழுங்கினால் குடலைச் சுருக்கிட்டு இழுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் நுனி தொங்கினால் கையால் இழுக்கவே கூடாது; நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மாதவரமும் வடசென்னைக்கு எட்டும் தூரம்தான்.

அடுத்தது சாப்பாடு. நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தட்டில் கம்பு இருக்கும். கோழி அதை நாலு கொத்து கொத்திவிட்டுக் குப்பைமேட்டைக் கிளறப் போய்விடும். தேடித் தின்பதில் அதற்கு ஒரு திருப்தி. 1963-ல் அமெரிக்காவில் 200 எலிகளை வைத்துச் செய்த சோதனையில், கிண்ணத்தில் தீனி இலவசமாக இருக்கும்போதே பெரும்பாலான எலிகள் நெம்புகோலை அழுத்தி வரவழைத்த தீனியை நாடின. எல்லா நாயும் அவ்வளவு உழைப்பாளி என்று சொல்ல முடியாது. ஆனால் வட்டிலில் கொட்டினால் ஒரு நிமிஷத்தில் முடியும் சாப்பாட்டை, தேட வைத்தால் முக்கால் மணி நேரத்துக்கு நீட்டலாம்.

மணிக்குக் காலைச் சாப்பாடு இப்போது பாதிதான் வட்டிலில். மீதிப் பாதி வீட்டில் ஒளிந்திருக்கிறது. பழைய துண்டு ஒன்றில் கேழ்வரகு அடைத் துண்டுகளைப் போட்டுச் சுருட்டி வைக்கிறார்கள். மூக்கால் உருட்டி உருட்டிப் பிரித்தால்தான் கிடைக்கும். முட்டை அடுக்கும் அட்டைக் குழிகளில் அவித்த முட்டைத் துண்டைப் போட்டு மேலே காகிதத்தைக் கசக்கி அடைக்கிறார்கள். அதைக் கிழித்துக் குப்பையாக்கும், ஆனால் ஷூ தப்பிக்கும். மூடியும் கழுத்து வளையமும் எடுத்த பிளாஸ்டிக் பாட்டிலில் நாலைந்து ஓட்டை போட்டு உள்ளே தீனி போட்டால் உருட்டிக்கொண்டே திரியும். ஆளில்லாத நேரத்தில் பாட்டிலைக் கடித்து விழுங்குகிற நாய்க்கு இது வேண்டாம்.

வீட்டம்மா கண்டுபிடித்த ஒன்று, கடையில் விற்கும் எதையும்விட நன்றாக வேலை செய்கிறது. கழித்துப்போட்ட இட்லித் தட்டு ஒன்று அட்டத்தில் கிடந்தது. அதன் குழிகளில் கேழ்வரகுக் களியை அழுத்தி அப்பி, மேலே மீன் வேகவைத்த தண்ணீரைத் தெளித்து, ராத்திரியே ஃப்ரீஸரில் வைத்துவிடுகிறார். காலையில் கிளம்புவதற்குச் சற்று முன்னால் அதைத் தரையில் வைத்தால், மணி நக்கிக்கொண்டே இருக்கும். கதவு சாத்தும் சத்தத்துக்குத் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி தட்டுக்குப் போய்விடும். மோசமான அந்த முதல் அரை மணி நேரம் இப்படி நக்குவதிலேயே கழிகிறது. நக்குவது நாயைச் சாந்தப்படுத்தும். தட்டு விளிம்பு கூர்மையாக இருக்கக்கூடாது. மீன் தண்ணீரில் உப்பு, வெங்காயம், பூண்டு சேரக்கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை.

உலகம் முழுக்க விற்கும் 'காங்' என்ற ரப்பர் பொம்மையும் இதே தத்துவம்தான். உள்ளே குழிவு, அதில் தீனி. 1970-களில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோ மார்க்கம் என்பவரின் நாய் கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு நாள் தன் வோக்ஸ்வேகன் வேனைப் பழுதுபார்த்தபோது கழற்றிப் போட்ட ரப்பர் பாகம் ஒன்றை நாய் எடுத்துக்கொண்டு விடவில்லை. அதைப் பார்த்துச் செய்ததுதான் அந்தப் பொம்மை. டோல்கேட்டில் லாரி பட்டறைக்குப் பஞ்சமில்லை; மகனும் ஒரு டயர் துண்டைக் கொண்டுவந்தார். அது தப்பு. டயருக்குள் எஃகுக் கம்பி இருக்கும், கிரீஸும் டீசலும் ஊறியிருக்கும். மென்று விழுங்கவும் எளிது. நாய்க்கென்று செய்த கெட்டி ரப்பர் பொம்மை சில நூறு ரூபாய் ஆகும். முடியாதவர்களுக்கு இட்லித் தட்டும் பழைய துண்டும் போதும்.

கொடுக்கக்கூடாத பொருள்களைக் கிராமத்து வீடுகளும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் பாதி நம் களத்தில் கிடப்பவை. மாங்கொட்டையும் மக்காச்சோளக் கட்டையும் குடலில் அடைத்துக்கொள்ளும். அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். வெந்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும். சாக்லேட், திராட்சை இரண்டும் நாய்க்கு நஞ்சு. பூஞ்சைபிடித்த கடலையும் பழைய புண்ணாக்கும் இவற்றைவிட மோசம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சுதான் காரணம். அஃப்ளாடாக்ஸின் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது. நாயின் ஈரல் இந்த நஞ்சுக்கு மிகவும் பலவீனமானது. "மனுஷன் தின்ன முடியாத கடலை, நாய்க்காவது ஆகட்டும்" என்று கொல்லை வீடுகளில் போடுவது வழக்கம். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய மூட்டையில் கறுத்த பருப்பைப் பொறுக்கி மருமகள் குப்பையில் போட்டதும் அதனால்தான்.

ஒரே வித்தையை ஒரே வாரம் காட்டினால் நாய்க்கும் சலிக்கும். துண்டு ஒரு நாள், அட்டை ஒரு நாள் என்று மாற்றுகிறார்கள். முறுக்கி முடிச்சுப் போட்ட பழைய லுங்கிக் கயிறு மூன்று நாள் வெளியே இருக்கும், மூன்று நாள் பீரோவுக்குள் இருக்கும். திரும்பி வரும்போது அது புதுசு. நூல் பிரிய ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தீனி எல்லாம் நாள் சாப்பாட்டுக்குள் அடங்க வேண்டும். கூடுதலாகப் போட்டால் மூன்று மாதத்தில் நாய் உருண்டையாகிவிடும். துணைக்கு இன்னொரு நாய் வாங்கலாமா என்று மகள் கேட்டாள். மனிதர் இல்லை என்று ஏங்கும் நாய்க்கு இன்னொரு நாய் மருந்தாகும் என்பது நிச்சயமில்லை. இரண்டு அறை வீட்டில் ஊளை இரண்டாகும் என்பது மட்டும் நிச்சயம்.

இத்தனையும் செய்தாலும் ஏழு மணி நேரம் நீளம்தான். கீழே இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா கடையை ஏறக்கட்டிவிட்டு ஒரு மணிக்கு மேலே வந்து, மணியைப் பத்து நிமிஷம் தெருவில் இறக்கிச் சிறுநீர் கழிக்கவிட்டுத் திரும்பக் கட்டுகிறார். பூட்டிய வீட்டில் நாயை வைத்திருப்பவர்களுக்கு இப்படி ஒரு ஆள் கிடைப்பது எந்தப் பொம்மையையும்விடப் பெரிது. மீன் வியாபாரி ஒரு நாள் உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலி ஒரு பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். "துண்டுல சுருட்டி வையி, வாடைக்கே தேடும்" என்றார். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் அவருக்குப் பகல் தூக்கம் தேவைப்படவில்லை. அதற்குள் மணியும் அடங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா கெடுவைப் பற்றி மறுபடி பேசவில்லை. வாபஸ் வாங்கினேன் என்றும் சொல்லவில்லை. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழையும் மாநகராட்சியின் வளர்ப்புப் பிராணி உரிமத்தையும் கொண்டுபோய்க் காட்டியபோது, வாங்கிப் படித்துவிட்டு, "வருஷா வருஷம் போடணும்" என்று மட்டும் சொன்னார். தீராத ஒன்று தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு இட்லித் தட்டு உதவவில்லை. அன்றைக்கு ஒருவர் லீவு போட்டு, உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, கூடவே உட்கார்ந்திருந்தார்.

இது பட்டணத்துக் கதை, கொல்லை நாய்க்குத் தனிமை ஏது என்று நினைக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, மோட்டார் கொட்டகைத் தூணில் குத்தகைக்காரரின் இரண்டு நாய்களும் ஆளுக்கொரு முழச் சங்கிலியில் நிற்பதை மகள் பார்த்தாள். காலை முதல் இருட்டும் வரை அதே இடம். சங்கிலி எட்டிய வட்டத்தில் புல் ஒன்றும் இல்லை, மண் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "ஆயா, இதுங்க மணியைவிடத் தனியா இருக்குங்க" என்றாள்.

சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியால் வந்த 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவு, அளவுக்கு மீறிய நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டுவதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடை கொடுக்காமல் விடுவதையும் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்று அன்றைக்கு எழுதியது. அந்த 50 ரூபாய்க்குப் பயந்து யாரும் அவிழ்க்கப் போவதில்லை. வேறு கணக்கு ஒன்று உண்டு. நாளெல்லாம் கட்டிக்கிடக்கும் நாய் காவலுக்கும் உதவாது. காற்றுக்கும் குரைக்கும், பன்றிக்கும் குரைக்கும், கேட்பவர் எதற்கும் எழுந்து போகமாட்டார். விலக வழியில்லாத நாய் பயந்தால் கடிப்பதைத் தவிர வேறு என்ன செய்யும்? கொல்லையில் கடிபடுவது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளும் கூலிக்கு வருகிறவர்களும்தான். கடிபட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போக வேண்டும், கடித்தது சொந்த நாயாக இருந்தாலும்.

குத்தகைக்காரரிடம் ஆயாதான் பேசினார். பந்தலுக்கு வாங்கிய ஜி.ஐ. கம்பி மீதி கிடந்தது. கொட்டகைத் தூணுக்கும் புங்கமரத்துக்கும் நடுவே, சுமார் 15 மீட்டர் தூரத்துக்கு, ஆள் உயரத்துக்கு மேலே கம்பியை இழுத்துக் கட்டினார்கள். கம்பியில் ஒரு வளையம், வளையத்தில் சுழலும் கொக்கி, அதில் இலேசான சங்கிலி. நாய் இப்போது நிழலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தானே போய்வருகிறது. கிணற்றுப் பக்கம் சங்கிலி எட்டாதபடி கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். சுவரையோ கிணற்றையோ தாண்டிக் குதித்துச் சங்கிலியிலேயே தொங்கிச் செத்த நாய்கள் பல ஊரில் உண்டு. ஒரு கம்பிக்கு ஒரு நாய்தான். இரண்டு கட்டினால் சங்கிலி பின்னிக்கொள்ளும். அதனால் இரண்டையும் முறை வைத்து, ஒன்று கம்பியில் இருக்கும்போது மற்றதை அவிழ்த்துவிட்டு வரப்புச் சுற்றக் கூட்டிப்போகிறார். களிக்குத் தட்டு வைப்பதில்லை. காலையில் ஆயா உருண்டையாகப் பிடித்து வைக்கோல் போருக்குள் அங்கங்கே செருகிவிட்டுப் போகிறார்.